மகன் பையைத் திருப்பிப் பாருங்கள்: தையலும் மிக்ஸ்ட் மீடியாவும் தொழிலாகுமா?

அம்மாவுக்கு வணக்கம்.

பள்ளியின் கடைசி வருடத்தில் இருக்கும் மகன் சாயங்காலம் ஆனால் பின்னறைக்குள் போய்விடுகிறான், ஒரு பக்கம் தையல் மெஷின், இன்னொரு பக்கம் மிக்ஸ்ட் மீடியா, அதாவது பெயின்ட்டும் பசையும் கிழித்த காகிதமும் கலந்து செய்யும் படங்கள், கூப்பிட்டால் "இதோ வரேன்" என்ற குரல் மட்டும்தான் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முடிவில் நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்வி: இதை நம்பிப் பிழைக்க முடியுமா?

முடியும். யாரால் முடியும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்தக் கேள்வியோடு வருகிற பெற்றோர் அநேகமாக ஓவியங்களை நீட்டி, "திறமை இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்" என்பார்கள். திறமையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது இரண்டு. ஒருமுறை செய்ததை அதே அளவில், அதே சுத்தத்தில் மறுபடி செய்ய வருகிறதா? பிசகினால் எங்கே பிசகியது என்று அவனால் சொல்ல முடிகிறதா? இந்த இரண்டும் இருக்கிற பிள்ளைக்கு இந்தத் துறையில் இடம் உண்டு. இரண்டும் இல்லாமல் கற்பனை மட்டும் பொங்கி வழிந்தால் அது அருமையான பொழுதுபோக்கு. பொழுதுபோக்காகவே இருக்கட்டும், தப்பில்லை.

இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு டெய்லரிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவன் தைத்த பை ஒன்றை எடுத்து உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். வெளிப்பக்கத்தை எல்லோருமே பார்த்துப் பார்த்துத்தான் தைப்பார்கள். உள்ளே தையல் ஓரம் ஒரே அகலத்தில் ஓடுகிறதா? வெட்டிய விளிம்பில் நூல் பிரியாமல் ஓவர்லாக்கோ சிக்ஸாக்கோ அடித்திருக்கிறானா? கைப்பிடி சேரும் இடத்தில் பாரம் தாங்குவதற்காகச் சதுரமாக அடித்து, நடுவில் குறுக்குத் தையல் போட்டிருக்கிறானா?

துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் ஒட்டுத்துணி விரிப்பு (குயில்ட்) ஏதாவது செய்திருந்தால் இன்னும் வசதி. அதில் வழக்கமாக விடும் தையல் ஓரம் கால் அங்குலம், அதாவது சுமார் 6 மில்லிமீட்டர். 1 மில்லிமீட்டர் கூடுதலாகப் பிடித்தால் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றும். ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கத் துண்டும் தலா 1 மில்லிமீட்டர் இழக்கிறது. ஒன்பது துண்டு சேர்ந்த வரிசையில் எட்டுத் தையல். ஆக, வரிசை 16 மில்லிமீட்டர் குட்டையாகிவிடும், பக்கத்து வரிசையோடு மூலைகள் சேராது. அப்போது துணியை இழுத்துப் பிடித்து ஒப்பேற்றுகிறவனும் உண்டு, பிரித்துவிட்டு ஓரத்தை அளந்து மறுபடி தைக்கிறவனும் உண்டு. வேலை கொடுப்பவர்கள் தேடுவது இரண்டாமவனை.

இன்னொரு சின்னச் சோதனை. துணியின் அடிப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாக விழும் நாள் ஒன்று வரும். அன்றைக்கு அவன் என்ன செய்கிறான் என்று கவனியுங்கள். கோளாறு அடியில் தெரிவதால் அடிநூல் இருக்கும் பாபின் கேஸின் திருகைத் திருப்பத் தொடங்குவது எல்லோரும் செய்வதுதான். உண்மையில் பெரும்பாலும் காரணம் மேல்நூல். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை இறக்கி வைத்தபடி நூல் கோத்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் அவற்றுக்கு நடுவில் போய் உட்காராது. பாதத்தைத் தூக்கிவிட்டு முதலிலிருந்து கோத்தால் அநேகமாகச் சரியாகிவிடும். இதை அவனே தேடிப்பிடித்து உங்களுக்கு விளக்கினால் சந்தோஷப்படுங்கள். "மெஷின் மக்கர் பண்ணுது" என்று மூடி வைத்துவிட்டால் அதுவும் ஒரு பதில்தான். ஊசியும் அப்படித்தான். உறையில் 80/12 என்று போட்டிருக்கும். அதில் 80 என்பது 0.8 மில்லிமீட்டர் தடிமன். பருத்திக்கு 80, ஜீன்ஸ் துணிக்கு 100, டி-ஷர்ட் மாதிரியான பின்னல் துணிக்கு முனை உருண்ட ஊசி என்று மாற்றுகிறானா, இல்லை உடையும்வரை ஒரே ஊசியில் ஓட்டுகிறானா?

மிக்ஸ்ட் மீடியா பக்கம் அளவுகோல் வேறு. அங்கே அழகைப் பற்றி விவாதித்தால் வீட்டில் சண்டைதான் வரும். "இது நாள்பட நிற்குமா?" என்று கேளுங்கள். படத்தில் செய்தித்தாளை ஒட்டியிருந்தால், ஒரு வருடத்தில் அது பழுப்பேறும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காகிதத்தில் மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாமலே இருக்கிறது, வெளிச்சமும் காற்றும் படப்பட நிறம் மாறும். அக்ரிலிக் மேல் ஆயில் பெயின்ட் பூசலாம். ஆயில் மேல் அக்ரிலிக் பூசினால் பிடிக்காது, நாளாவட்டத்தில் உரியும். காகிதத்தில் மெஷின் தையல் போடுவதாக இருந்தால் தையல் நீளம் 3 மில்லிமீட்டராவது வேண்டும். நெருக்கமாக அடித்தால் ஊசித் துளைகளின் வரிசையிலேயே காகிதம் கிழிந்து வரும். காகிதம் தைத்த ஊசி சீக்கிரம் மழுங்கிவிடும், அதையே பட்டுக்குப் போட்டால் இழை இழுக்கும். இதெல்லாம் தெரிந்தே "பழுப்பேறட்டும், அதுதான் எனக்கு வேண்டும்" என்று அவன் சொன்னால் அதை நான் மதிப்பேன்.

சரி, வேலைகளுக்கு வருவோம். எல்லோருக்கும் தெரிந்தது ஃபேஷன் டிசைனர் வேலை. கூட்டமும் அங்கேதான். வரைந்த உடையை துணி வெட்டுவதற்கான அளவு வரைபடமாக, அதாவது பேட்டர்னாக, மாற்றுகிறவர், ஒரு அளவை எல்லா அளவுகளுக்கும் கிரேடிங் செய்கிறவர், முதல் சாம்பிளைத் தைத்து எங்கே இழுக்கிறது என்று சொல்கிறவர், தொழிற்சாலைக்கான அளவு, தையல் குறிப்புகள் அடங்கிய டெக் பேக் எழுதுகிறவர், தரம் பார்க்கிறவர், வாங்குபவருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் நின்று ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் என்று பின்னால் ஒரு படையே இருக்கிறது. உங்கள் மகன் கணக்கில் மோசமில்லை என்கிறீர்கள். பேட்டர்ன் வேலை பாதிக்குப் பாதி வடிவகணிதம். கையால் ஒரு பேட்டர்னை வெட்டித் தைத்துப் பழகியவன் இல்லஸ்ட்ரேட்டர், கிளோ மாதிரி மென்பொருள்களைப் பிறகு பிடித்துக்கொள்வான். மென்பொருளில் தொடங்கி, துணி எப்படி விழும் என்பதையே அறியாமல் வருகிறவர்கள்தான் திணறுகிறார்கள்.

பெற்றோர் யாருமே கேட்காத ஒரு பகுதி உண்டு: உடை அல்லாத தையல். முதுகுப்பை, கூடாரம், ஷூவின் மேல்பாகம், கார் இருக்கை உறை, இடுப்புப் பட்டை, முழங்கால் பட்டை போன்ற மருத்துவப் பொருள்கள், பாராசூட் எல்லாமே தையல்தான். 1969-இல் நிலவில் நடந்தவர்கள் அணிந்திருந்த விண்வெளி உடையைச் செய்து கொடுத்த ஐ.எல்.சி. நிறுவனம், பிளேடெக்ஸ் என்ற பெயரில் பெண்களின் உள்ளாடை விற்று வந்த நிறுவனம். அந்த உடைகளை மெஷினில் உட்கார்ந்து தைத்ததும் அங்கிருந்த தையல்காரப் பெண்கள்தான். பொருள் வடிவமைப்பு, டெக்ஸ்டைல் தொழில்நுட்பம் ஆகிய படிப்புகள் இந்தப் பக்கம் கொண்டுபோகும். அறிவியல் எடுத்துப் படித்தது வீணாகப் போகிறதே என்று வருந்தியிருக்கிறீர்கள். இங்கே அது வீணாகாது.

அறிவியல் இன்னும் நேரடியாகக் கைகொடுக்கும் இடம், அருங்காட்சியகங்களில் பழைய துணிகளைப் பாதுகாக்கும் வேலை. எந்தச் சாயம் எவ்வளவு வெளிச்சம் தாங்கும் என்று அங்கே அளந்து பார்ப்பார்கள். அதற்கு நீலச் சாயமிட்ட எட்டுக் கம்பளித் துண்டுகள் கொண்ட ஒரு அளவுகோல் இருக்கிறது. 1-ஆம் எண் முதலில் வெளிறும், 8-ஆம் எண் கடைசியில். வேதியியலும் பொறுமையான கைத்தையலும் ஒரே ஆளிடம் வேண்டும் என்பதால் இதற்குத் தகுதியானவர்கள் குறைவு. பணியிடங்களும் குறைவுதான், அதை மறைக்கக் கூடாது. நாடகம், சினிமா உடைப் பிரிவில் வேலை உண்டு, ஆனால் நேரம் காலம் இருக்காது. கலை ஆசிரியர் வேலைக்கு ஆசிரியர் பயிற்சி தேவைப்படும். கலை வழிச் சிகிச்சை செய்ய விரும்பினால் பொதுவாக முதுநிலைப் பயிற்சி வேண்டும். வார இறுதி வகுப்பில் வாங்கிய சான்றிதழை வைத்துக்கொண்டு யாரும் அதில் இறங்கக் கூடாது.

"இல்லை, நான் கலைஞனாகத்தான் ஆவேன்" என்று அவன் சொன்னால்? ஆகட்டும், பக்கத்தில் ஒரு வருமானத்தோடு. கதை சொல்லும் துணி விரிப்புகளால் புகழ்பெற்ற அமெரிக்கக் கலைஞர் ஃபெய்த் ரிங்கோல்ட் பல ஆண்டுகள் நியூயார்க்கில் பள்ளி ஆசிரியை, பின்னால் கலிஃபோர்னியாவில் பல்கலைக்கழகப் பேராசிரியை. அவருடைய முதல் ஒட்டுத்துணி விரிப்பு 1980-இல் அவரும் அவர் அம்மாவும் சேர்ந்து செய்தது. அம்மா வில்லி போஸி உடை வடிவமைப்பாளர். 1955-இல் விரிப்பையும் தலையணையையும் சட்டத்தில் மாட்டி, மேலே பெயின்ட்டைக் கொட்டி ஒரு படைப்பு செய்தார் ராபர்ட் ரவுஷன்பர்க். அது இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செய்த காலத்தில் அவருக்குக் காசு கொடுத்தது கடைகளின் கண்ணாடி ஜன்னல்களுக்கு அலங்காரம் செய்யும் வேலை. பக்கவேலை பார்ப்பதைத் தோல்வி என்று உங்கள் மகனும் நினைக்க வேண்டாம், நீங்களும் நினைக்க வேண்டாம்.

வீட்டிலிருந்தே செய்து விற்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். விற்கலாம், ஆனால் முதலில் ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். ஒரு பைக்கு வெட்ட எவ்வளவு நேரம், தைக்க, இஸ்திரி போட, படம் எடுக்க, பொட்டலம் கட்ட எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதட்டும். துணி, ஜிப், நூல் செலவை மட்டும் கூட்டி அதன் மேல் கொஞ்சம் வைத்து விற்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நேரத்தையும் சேர்த்தால்தான், மணிக்கு என்ன கிடைக்கிறது என்ற கசப்பான உண்மை தெரியும். வீட்டு மெஷின் நிமிடத்துக்கு 600 முதல் 1000 தையல் வரை ஓடும், தொழிற்சாலை மெஷின் 5000 வரை போகும். வேகத்தில் போட்டி போட்டு வீட்டு ஸ்டுடியோ ஜெயிக்காது. தொழிற்சாலை செய்ய முடியாததை, செய்ய மெனக்கெடாததைச் செய்தால்தான் விலை கிடைக்கும். துணியும் கொலாஜும் (வெட்டி ஒட்டிய படமும்) சேரும் அவனுடைய வேலைக்கு அந்த வாய்ப்பு உண்டு. ஆனால் ஒன்று: பத்திரிகையில் வெட்டிய புகைப்படத்தையும் கார்ட்டூன் பாத்திரங்களையும் ஒட்டி வீட்டுச் சுவரில் மாட்டலாம், விற்பனைக்கு வைத்தால் பதிப்புரிமை (காப்பிரைட்) சிக்கல் வரும். தானே எடுத்த புகைப்படம், தானே வரைந்த படம் என்று இப்போதே பழகட்டும்.

அறைக்குச் செலவு செய்ய நீங்கள் தயார் என்று சொன்னதில் எனக்கு மகிழ்ச்சி. நீங்கள் வாங்க நினைக்கும் அந்தப் பெரிய கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினை மட்டும் இப்போதைக்கு விடுங்கள். நல்ல வெளிச்சம், துணிக்கு மட்டுமே ஒரு நல்ல கத்தரிக்கோல், கனமான இஸ்திரிப் பெட்டி, வகைவகையான ஊசி, இவை போதும். பெயின்ட், பசை போன்ற ஈர வேலைக்கும் தையலுக்கும் தனித்தனி மேசை கட்டாயம். பெயின்ட்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சான ஜெஸோவைத் தேய்த்த தூள் மெஷினுக்குள் போனால் அவ்வளவுதான். ஸ்ப்ரே பசை அடிப்பதானால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இதில் சமரசமே கூடாது.

"ஆம்பளைப் பிள்ளை தைப்பதா" என்று சொந்தக்காரர்கள் சொல்வதாக நீங்கள் எழுதியதற்கு நீளமாகப் பதில் எழுத எனக்கு விருப்பமில்லை. கோட்டு சூட்டு தைக்கும் கடைகளில் காலங்காலமாக ஆண்களும் தைத்து வருகிறார்கள் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்த மூன்று மாதத்துக்கு அவனுக்கு என் வேலை இது. ஒரே பையை ஐந்து முறை தைக்க வேண்டும், ஐந்தும் ஒன்றுக்கொன்று மாறக் கூடாது. ஒரே அளவு அட்டையில், மூன்றே பொருள்களை வைத்து, ஆறு மிக்ஸ்ட் மீடியா படங்கள் செய்ய வேண்டும், ஆறும் வேறுவேறாக இருக்க வேண்டும். குடும்பத்துக்கு வெளியே ஒருவருக்காக, அவர் சொன்ன அளவில், சொன்ன தேதிக்குள் ஏதாவது ஒன்று செய்து கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பாதியில் எடுத்த படங்கள், பிரித்துத் தைத்த இடங்கள், துணி மாதிரி, நேரக் குறிப்பு எல்லாம் ஒரே நோட்டில் சேரட்டும். கல்லூரி நேர்காணலில் பளபளப்பான கடைசிப் படங்களை எல்லோரும் கொண்டுவருவார்கள். நடுவில் என்ன நடந்தது என்று காட்டுகிறவனிடம்தான் கேள்விகள் கூடுதலாக வரும். பதினைந்து இருபது பக்கம் போதும், சுமாரானவற்றைத் திணிக்க வேண்டாம்.

இதற்கிடையில் நீங்கள் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு அவனோடு போய் வாருங்கள். வரவேற்பறையில் காட்டும் வீடியோவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பட்டறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எத்தனை மெஷின் ஓடும் நிலையில் இருக்கிறது, வகுப்பு முடிந்த பிறகு மாணவர்கள் அதைப் பயன்படுத்த விடுகிறார்களா, போன வருடம் படித்து முடித்தவர்கள் இப்போது என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசி வருட மாணவர் தைத்த உடை ஒன்றை வாங்கி அதையும் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பார்த்ததைக் குறித்துக்கொண்டு, அவன் நோட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். எந்தப் படிப்பு என்பதை அப்போது மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்யலாம்.