டாமி பாண்டின் 40 வெற்றிகளை எப்படிப் படிப்பது?

தம்பி, நீங்கள் கேட்டது இது: அயர்லாந்தில் பிறந்த பேஸ்பால் பிட்சர் (பந்து எறிபவர்) டாமி பாண்ட் பாஸ்டனுக்காக மூன்று ஆண்டு தொடர்ந்து, ஆண்டுக்கு 40 வெற்றிக்குக் குறையாமல் எடுத்தார் (அவர் எறிந்து அணி ஜெயித்தால் அந்த வெற்றி அவர் கணக்கில் சேரும்) என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள்; இன்று ஓர் ஆண்டில் 20 எடுத்தாலே கொண்டாடுகிறார்களே, பழைய கணக்கு நிஜமா? நிஜம்தான். ஆனால் அன்றைய ஆட்டமே வேறு.

பாண்ட் 1856இல் லாங்ஃபோர்டு கவுண்டியின் கிரானார்டில் பிறந்தவர். 18 வயதில் புரூக்ளின் அட்லாண்டிக்ஸின் பிட்சர். 1874இல் அந்த அணி ஜெயித்த 22 ஆட்டங்களும் அவர் பெயரில்தான். அடுத்து ஹார்ட்ஃபோர்டு அணி. வளைபந்தின் தந்தை எனப்படும் கேண்டி கம்மிங்ஸ் அங்கே உடன் ஆடினார். வளைபந்து பாண்டின் கைக்கு வந்தது அவரிடமிருந்துதான்.

1877இல் பாஸ்டன் ரெட் கேப்ஸ் அணி. 40 வெற்றி, 170 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டரை, அதாவது அடிப்பவரை, எறிந்தே வெளியேற்றுவது), ஒரு முழு ஆட்டமான 9 இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்தது 2.11 ரன். மூன்றிலும் லீக்கில் முதலிடம். முதல் 'டிரிபிள் கிரவுன்' பிட்சர் இவரே. மறு ஆண்டு 40, அதற்கடுத்து 43.

இனி விதிகளைப் பாருங்கள். பிட்சர் நின்று எறியும் கட்டத்தின் முன்கோடு, பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து 45 அடியில் இருந்தது. இன்று 60 அடி 6 அங்குலம். கையை மேலே தூக்கி எறியக் கூடாது, இடுப்புக்குக் கீழிருந்துதான். பந்து மேலே வேண்டுமா, கீழே வேண்டுமா என்று பேட்டர் கேட்டு வாங்கலாம். அணிக்குப் பெரும்பாலும் ஒரே பிட்சர்: 1878இல் பாஸ்டன் ஆடிய 60 ஆட்டங்களில் 59இல் பாண்ட் எறிந்தார். இன்றைய பிட்சருக்கு நாலைந்து நாள் ஓய்வு உண்டு. ஆண்டுக்கு 200 இன்னிங்ஸே பெரிது. இவர் 1877 முதல் 1880 வரை நான்கே ஆண்டில் 2,100 இன்னிங்ஸ் எறிந்தார்.

எந்தத் தோள் தாங்கும்? 1880இல் 26 வெற்றி, 29 தோல்வி. 1881இல் தூரத்தை 50 அடியாக்கினார்கள். அந்த ஆண்டு எறிந்த மூன்றிலும் தோல்வி. 25 வயதில் உச்சம் முடிந்துவிட்டது. 1884இல் மீண்டும் வந்து 13 ஜெயித்ததோடு சரி. மொத்தம் 234 வெற்றி, 163 தோல்வி. பேஸ்பால் சாதனையாளர்களுக்கான கூப்பர்ஸ்டவுன் புகழ்மண்டபத்தில் இன்றும் இடமில்லை. என் மனதுக்கு அது அநியாயம்தான்.

ஆகவே பழைய பட்டியலைப் புரட்டும்போது 1881, 1884, 1893 ஆகிய ஆண்டுகளில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். 1884இல் தோளுக்கு மேலிருந்து எறிய லீக் அனுமதித்தது. 1893இல் இன்றைய தூரம் வந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கத்து எண்ணை இந்தப் பக்கத்து எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

இன்னொன்று: ரெட் கேப்ஸ் வேறு, இன்றைய பாஸ்டன் அணியான ரெட் சாக்ஸ் வேறு. ரெட் கேப்ஸின் வழிவந்தது இன்றைய அட்லாண்டா பிரேவ்ஸ். பாண்ட் ஆடிய சவுத் எண்ட் மைதானத்தை ரெட் சாக்ஸ் ஆடும் ஃபென்வே மைதானத்துப் பக்கம் தேடாதீர்கள். பாஸ்டன் ரயிலின் ஆரஞ்சு லைனில் ரகிள்ஸ் நிலையத்தில் இறங்குங்கள், அதை ஒட்டித்தான் இருந்தது.