ஸ்டிக் இறுகுதா? ஒயில் அடிக்க முதல் இதைப் பாருங்கோ

வெள்ளவத்தையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கிட் வாங்கி ரத்மலானைப் பக்கம் ஒரு தகர ஷெட்டில பூட்டின ரெண்டு சீட் அலுமினியம் பிளேன், எலிவேட்டர் (வாலில மேல கீழ ஆடி மூக்கை ஏத்தி இறக்கிற தட்டு) கேபிளில ஓடுது, பெயின்ட் அடிச்ச பிறகு ஸ்டிக் (ஓட்டுறவர் கையில பிடிக்கிற தடி) இறுகிப்போச்சாம், காலமை பரவாயில்லையாம், மத்தியானம் இன்னும் மோசமாம், ஒயில் ஸ்ப்ரே அடிச்சா ரெண்டு நாள் நல்லம் பிறகு அதே கதைதானாம்.

தம்பி, இது தீருற வரைக்கும் பறக்காதேங்கோ. உரசல் கூடினா காத்து எலிவேட்டரைத் தள்ளுறது கைக்குத் தெரியாது, ட்ரிம் (கை விட்டாலும் மூக்கை ஒரே நிலையில வைச்சிருக்கிற அமைப்பு) வைச்சாலும் நிக்காது, லாண்டிங் நேரம் அது பெரிய ஆபத்து.

ஸ்ப்ரேயை நிப்பாட்டுங்கோ, அது தூசியைப் பிடிச்சு வைச்சு கப்பியில பசை மாதிரி ஆக்கும். எங்க இறுகுது எண்டு கண்டுபிடிக்கிறதுதான் பாதி வேலை. மீன் நிறுக்கிற ஸ்பிரிங் தராசு ஒண்டை ஸ்டிக்கின்ட மேல் நுனியில கொளுவி மெல்ல இழுத்து, அசையத் தொடங்கிற நேரம் எவ்வளவு காட்டுது எண்டு எழுதி வையுங்கோ. பிறகு எலிவேட்டர் பக்கம் கேபிளைக் கழட்டிப்போட்டு எலிவேட்டரைக் கையால மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கோ, எங்கையும் பிடிக்காம லேசா ஓடோணும். இடையில இறுகினா பிழை ஹிஞ்சில (எலிவேட்டரைக் கொளுவியிருக்கிற கீலில). அது நல்லா ஓடினா ஸ்டிக்கைத் தனிய ஆட்டுங்கோ, அதுவும் லேசா இருந்தா மிச்சம் நடுவில இருக்கிற கேபிளும் கப்பியும்தான்.

பெயின்ட்டுக்குப் பிறகு வந்தது எண்டபடியா எனக்கு ரெண்டு இடத்தில சந்தேகம். ஒண்டு ஹிஞ்ச், பின்னை உருவிப் பாருங்கோ, காய்ஞ்ச பெயின்ட் தோல் மாதிரி சுத்தி ஒட்டியிருக்கும், சுத்தமாத் துடைச்சுப் போடுங்கோ. மற்றது பெல்கிராங் (கேபிளின்ட இழுவையைத் திருப்பி விடுற, போல்ட்டில சுழலுற நெம்புகோல்), அதுக்குள்ள இருக்கிற புஷ் (போல்ட் போற சின்னக் குழாய்) பெல்கிராங்கை விட ஒரு மயிரளவு நீளமா இருக்கோணும், அப்பத்தான் நட்டை இறுக்கேக்க போல்ட் புஷ்ஷைப் பிடிக்கும், பெல்கிராங் அதுக்கு மேல சுழலும். ரெண்டு பக்கமும் பெயின்ட் ஏறினா அந்த இடைவெளி போயிடும், நட் பெல்கிராங்கையே நெரிச்சுப் பிடிக்கும். இதுக்கு நட்டைத் தளர்த்தி விடுற ஆக்கள் இருக்கினம், தயவு செய்து அப்பிடிச் செய்யாதேங்கோ, பெல்கிராங்கின்ட ரெண்டு பக்க முகத்திலயும் இருக்கிற பெயின்ட்டைச் சுரண்டிப்போட்டு முழு டோர்க்கில (சொன்ன அளவு இறுக்கத்தில) இறுக்கி, நட் கழராம கொட்டர் பின் போடுங்கோ. எலிவேட்டருக்கும் பெயின்ட் அடிச்சதெண்டா பலன்ஸையும் திருப்பிப் பாருங்கோ, பின் பக்கம் பாரம் ஏறினா ஃபிளட்டர் (பறக்கேக்க தட்டு தானா படபடவெண்டு அடிக்கிறது) வரும்.

மத்தியானம் இறுகுறதுக்குக் காரணம் வேற. அலுமினியம் சூட்டுக்கு இரும்பை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நீளும், 4 மீற்றர் நீளமான பிளேன் பொடியில 20 டிகிரி சூடு ஏறினா கேபிளை விட ஒரு மில்லிமீற்றர் அளவு கூட நீளும், கேபிள் அவ்வளவுக்கு இறுகும். தகரக் கூரைக்குக் கீழ எங்கட வெயிலில 20 டிகிரி ஏறுறது புதினமில்லை. கையால அமத்திப் பார்த்து டென்ஷன் வைச்சிருப்பீங்கள் எண்டு நினைக்கிறன், டென்ஷன் மீற்றர் ஒண்டு இரவல் வாங்கி, பிளானில போட்டிருக்கிற அளவுக்கு, அதில சொன்ன சூட்டில வையுங்கோ. டேர்ன்பக்கிளுக்கு (கேபிளை இறுக்கித் தளர்த்திற திருகுக்கு) வெளியில மூண்டு புரிக்கு மேல தெரியக்கூடாது, சேஃப்டி வயரை மறக்காதேங்கோ. கேபிள் கப்பிக்குச் சாய்ஞ்சு போகுதோ எண்டும் பாருங்கோ, 2 டிகிரி தாண்டினா விளிம்பை அரிக்கும்.

ரத்மலானை கடலுக்குக் கிட்ட, உப்புக்காத்து கேபிளை விடாது. துணியால கேபிளைப் பிடிச்சு இழுங்கோ, வெறுங்கையால வேண்டாம், துணியின்ட நூல் எங்கையாவது மாட்டினா அதில கம்பி அறுந்திருக்கு, கப்பி இருக்கிற இடத்தில அப்பிடி அறுந்திருந்தா யோசிக்காம மாத்துங்கோ.

எல்லாம் பூட்டின பிறகு தராசைத் திருப்பிக் கொளுவிப் பாருங்கோ. பிறகு உங்கட வேலையைப் பார்க்காத வேற ஒராளைக் கூப்பிட்டு, ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுக்க எலிவேட்டரின்ட பின் விளிம்பு மேல போகுதோ எண்டு வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கோ, கேபிளை மாறிக் கொளுவினா ஸ்டிக் லேசாத்தான் இருக்கும், பிளேன் மற்றப் பக்கம் போகும்.