வாசகர் கேள்வி: சுருட்டு பழசானால் ருசி கூடுமா?

கேள்வி: மச்சினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கியூபா சுருட்டு, 25 உள்ள பெட்டி, இரண்டு வருசமாக பீரோவில் இருக்கிறது. பழசாகப் பழசாகத்தான் ருசி என்றார். போன வாரம் ஒன்றை எடுத்தால் மேலிலை உதிர்கிறது, கசப்பு தொண்டையைப் பிடிக்கிறது. கெட்டுப்போச்சுங்களா?
— வாசகர், ஈரோடு

பதில்: கெடவில்லை, காய்ந்துவிட்டது. மச்சினர் சொன்னது சரிதான். ஆனால் சுருட்டைப் பக்குவமாக்க நாள் மட்டும் போதாது, ஈரப்பதம் ஏறி இறங்காமல் இருக்க வேண்டும்.

உலர்த்திய இலையைப் பட்டறை போட்டு (குவியலாக அடுக்கி) புழுங்க வைக்கும்போதே அம்மோனியா பெரும்பாலும் வெளியேறும். சுருட்டுவதற்காக மறுபடி ஈரமாக்கும்போது மிச்சம் கிளம்பும். புதுச் சுருட்டில் மூக்கைக் குத்தும் நெடி அதுதான். சில மாதத்தில் அடங்கும். அதன்பின் ஓரிரு வருடத்தில் உள்ளே நிரப்பும் உள்ளிலை, அதைச் சுற்றிக் கட்டும் கட்டு இலை, வெளியே போர்த்தும் மேலிலை மூன்றின் மணமும் ஒன்றாகக் கூடும், கரகரப்பு தணியும். காட்டமான சுருட்டுக்கே இந்தக் காத்திருப்பு தகும். மென்மையானதைப் பல வருடம் வைத்தால் மணம் மங்கி, வெறும் புகைதான் மிஞ்சும். காட்டம் குறைந்ததால் உடம்புக்குக் கெடுதல் குறைந்ததாக மட்டும் நினைக்காதீர்கள்.

இதற்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும், 18 முதல் 20 டிகிரி வெப்பமும் வேண்டும். சித்திரை வெயிலில் ஈரோட்டு பீரோவுக்குள் இரண்டும் நிற்காது. காய்ந்த இலை வேகமாக, சூடாக எரிவதால்தான் கசப்பு. ஆவியாகிப்போன வாசனை எண்ணெய் திரும்பாது, ஈரத்தை மீட்கலாம்.

காற்றுப் புகாத டப்பாவில் 65 சதவீத ஈரப்பதப் பை (ஈரத்தை அந்த அளவிலேயே நிறுத்தும் பை) ஒன்று வையுங்கள். 25 சுருட்டுக்கு 60 கிராம் பை போதும். முதல் இரண்டு வாரம் சுருட்டுகளை வாய் பாதி திறந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, பிறகு உறையை எடுத்துவிடுங்கள். மொத்தம் ஒரு மாதமாவது ஆகும். அவசரப்பட்டு ஈரத்துணி சுற்றினால் உள்ளிலை உப்பி மேலிலை வெடிக்கும், பூஞ்சையும் பிடிக்கும். ஈரப்பதம் அளக்கும் ஹைக்ரோமீட்டரையும் சோதியுங்கள்: பாட்டில் மூடியில் உப்பு, ஈரமணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர், அந்த மூடியையும் ஹைக்ரோமீட்டரையும் மூடிய டப்பாவில் 8 மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 72 காட்டினால் எப்போதும் 3 கூட்டிப் படியுங்கள். பீரோவில் அந்துருண்டை இருந்ததா? அந்த வாடை ஏறியிருந்தால் போகாது.

கேள்வி: மேலிலையில் ஊசி குத்தியதுபோல ஓட்டைகள். ஏன்?
— வாசகர், கோபி

பதில்: புகையிலை வண்டு. முட்டை இலையிலேயே இருக்கும். வெப்பம் கூடினால் பொரிக்கும். ஓட்டை விழுந்ததை எறிந்துவிடுங்கள். மற்றதைக் காற்றுப் புகாத பையில் இரட்டை உறையிட்டு, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் 3 நாள், பிறகு ஃப்ரிட்ஜில் ஒரு நாள் வைத்து, வெளியே எடுத்து, குளிர் விட்டு அறை வெப்பத்துக்கு வந்த பின்பே பையைத் திறங்கள். உடனே திறந்தால் வேர்த்து மேலிலை வெடிக்கும்.