சி.பி.கே. ஏறினால் மூளை போய்விட்டதா?

மூளைக் காயமும் ரத்த நொதிகளும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பைக் விபத்தில் தம்பிக்குத் தலையில் அடி, தொடையும் நசுங்கிவிட்டது. சி.பி.கே. 6,000 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. மூளை அவ்வளவு பாதித்துவிட்டதா?
– வாசகர், நாமக்கல்

பதில்: பயப்படாதீர்கள், அந்த எண் பெரும்பாலும் தசையிலிருந்து வந்தது. சி.பி.கே. என்பது தசை, இதயம், மூளை ஆகியவற்றின் செல்களுக்குள் இருக்கும் நொதி. அதில் மூன்று வகை உண்டு. கை கால் தசையில் இருப்பது எம்.எம்., இதயத்தில் கணிசமாக எம்.பி., மூளையில் பி.பி. மூளை வகை ரத்தத்துக்கு வந்தாலும் சில மணி நேரத்தில் மறைந்துவிடும். உங்கள் கையில் இருப்பது மொத்தக் கணக்கு. நசுங்கிய தொடை, வலிப்பு, ஒரே பக்கமாக நெடுநேரம் கிடந்தது எல்லாம் அதை ஏற்றும்.

இப்போது கவனிக்க வேண்டியது சிறுநீரகத்தை. தசை சிதைந்து கசிவது சிறுநீரகத்தைத்தான் தாக்கும்; சி.பி.கே. 5,000-ஐத் தாண்டும்போது அதற்கு ஆபத்து கூடுகிறது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறதா, ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) பொட்டாசியமும் ஏறுகின்றனவா என்று தினமும் கேளுங்கள். உச்சம் தொட்ட பிறகு ஏறக்குறைய ஒன்றரை நாளில் எண் பாதியாக வேண்டும். இறங்காமல் நின்றால், தொடைத் தசைக்குள் அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் தடைபடுகிறதா என்று எலும்பு டாக்டர் உடனே பார்க்க வேண்டும்.

கேள்வி: மாரடைப்பில் அப்பாவுக்கு இதயம் நின்று, திரும்ப இயக்கினார்கள். மூன்றாம் நாளாக நினைவில்லை. என்.எஸ்.இ. 72. இனி நம்பிக்கையே இல்லையா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அந்த ஓர் எண்ணை வைத்து யாரும் முடிவு கட்டக் கூடாது. என்.எஸ்.இ. நரம்பணுக்களுக்குள் இருக்கும் நொதி. அவை சாகும்போது ரத்தத்தில் கசியும். 2021 ஐரோப்பிய வழிகாட்டுதல்படி 48 அல்லது 72 மணி நேரத்தில் மில்லிலிட்டருக்கு 60 நானோகிராமைத் தாண்டினால் அது மோசமான அறிகுறிகளில் ஒன்று. ஒன்றுதான். கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்காதது, இ.இ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு), ஸ்கேன் போன்றவற்றில் குறைந்தது இன்னொன்றும் சேர வேண்டும். மயக்க மருந்தின் தாக்கமும் நீங்கியிருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் சாம்பிளைச் சந்தேகியுங்கள். இதே நொதி சிவப்பணுக்களிலும் நிறைய உண்டு. மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலோ, குழாயைக் குலுக்கினாலோ, சுழற்றிப் பிரிக்காமல் நேரம் கடத்தினாலோ சிவப்பணு உடைந்து எண் பொய்யாக ஏறும். சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த நீர்) இளஞ்சிவப்பாக இருந்தால் அந்த ரிப்போர்ட் செல்லாது. கண்ணுக்குத் தெரியாத அளவு உடைந்தாலும் தவறு வரும் என்பதால், ஹீமாலிசிஸ் (சிவப்பணு உடைந்த) அளவையும் லேபில் கேட்டு வாங்குங்கள். இதயம், நுரையீரல் வேலையை வெளியிலிருந்து செய்யும் எக்மோ கருவியில் இருப்பவருக்கு உடம்புக்குள்ளேயே சிவப்பணு உடையும். சில நுரையீரல் புற்றுநோய்களிலும் என்.எஸ்.இ. உயர்ந்திருக்கும்.

24, 48, 72 மணி நேர அளவுகளை ஒரே லேபில், ஒரே மெஷினில் எடுத்து வரிசையாகப் பாருங்கள். இந்த நொதி ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும். முதல் நாளைவிட மூன்றாம் நாள் ஏறியிருந்தால்தான் கவலை கூடுகிறது. இறங்கிவந்தால் அவசரப்படாமல் காத்திருக்கக் கேளுங்கள்.

கேள்வி: தலையில் லேசான அடிக்கு சி.டி. எடுக்காமல் ரத்தத்திலேயே கண்டுபிடிக்கலாமாமே?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஓரளவுக்கு. யூ.சி.எச்.எல்.1 என்ற நொதியையும் ஜி.எஃப்.ஏ.பி. என்ற புரதத்தையும் சேர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு அமெரிக்காவில் 2018-இல் அனுமதி கிடைத்தது. அந்த அனுமதி 18 வயது நிறைந்தவருக்கு, அடிபட்ட 12 மணி நேரத்துக்குள் மட்டுமே என்று இருந்தது. இரண்டும் குறைவாக இருந்தால் சி.டி.யில் எதுவும் தெரிய வாய்ப்பு மிகக் குறைவு. ஏறியிருந்தால் ரத்தக்கசிவு உறுதி என்று பொருளல்ல, சி.டி. எடுக்க வேண்டும். நினைவு மங்குபவர், திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பவர், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர் என்றால் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் நேரே சி.டி.க்குக் கொண்டுபோங்கள்.