சென்சஸில் தாத்தா பெயர் கிடைக்குமா? கேள்வி பதில்

கேள்வி: 1891 சென்சஸில் கொள்ளுத்தாத்தா பெயரை எங்கே பார்ப்பது? (தஞ்சாவூர்)

பதில்: பார்க்க முடியாது. தொகை எடுத்தபின் வீட்டுவாரித் தாள்களை அழித்துவிட்டார்கள். மிஞ்சியவை ஜில்லா, தாலுகா அட்டவணைகளும் அறிக்கையும்தான். நிலம் வைத்திருந்த குடும்பமென்றால் கிராமத்தின் பழைய செட்டில்மெண்ட் (நிலவரித் தீர்வை) பதிவேட்டைத் தேடுங்கள். சர்வே எண்ணுக்கு எதிரே பட்டாதாரர் பெயர் இருக்கும்.

கேள்வி: பாட்டனார் மதராஸிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். சொந்த ஊர் தெரியவில்லை. (டர்பன்)

பதில்: உங்களுக்கு வழி இருக்கிறது. 1860 நவம்பரில் டர்பனில் கரைசேர்ந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி 1911 வரை, ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்கு ஆளுக்கொரு காலனி எண் கொடுத்தார்கள். முதலில் அந்த எண்ணைப் பிடியுங்கள். பிள்ளைகளின் பழைய பிறப்பு, திருமணப் பதிவுகளில் பெற்றோரின் எண்ணும் எழுதப்பட்டிருக்கும். எண்ணை வைத்துக் கப்பல் பட்டியலைப் பார்த்தால் தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் வரை கிடைக்கும்.

எண் இல்லையென்றால் பெயரை ஒலிப்படி தேடுங்கள். முனுசாமி 'மூன்சாமி' ஆகியிருப்பார். ஒரே கப்பலில் இரண்டு மூன்று முனுசாமிகள் இருப்பார்கள். பெயர் மட்டும் பொருந்தினால் நம்பாதீர்கள். தகப்பன் பெயரும் ஜில்லாவும் சேர்ந்து பொருந்த வேண்டும். ஊரை இன்றைய மாவட்ட எல்லைக்குள் தேடினால் கிடைக்காது. 1911 வரை சித்தூர்கூட வட ஆற்காடு ஜில்லாதான்.

கேள்வி: கப்பல் பட்டியலில் சாதி இருக்கிறதே, அதுவே சான்றுதானே? (சேலம்)

பதில்: இல்லை. கப்பலேறுமுன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவில் சொன்னதைக் குமாஸ்தா தன் காதுக்கு எட்டியபடி எழுதினார்.

கேள்வி: அரசாங்கம் எழுதியது பொய்யாகுமா? (அதே சேலம்)

பதில்: பொய் என்று நான் சொல்லவில்லை. ஆள் சேர்ப்புக்காகப் பெயரையும் சாதியையும் மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. 'மலபார்' (தமிழர்), 'ஜென்டூ' (தெலுங்கர்) என்று மொழியை வைத்து எழுதியதும் உண்டு. அவை சாதிகளே அல்ல. தகப்பன் பெயர், கிராமம், தழும்பு மூன்றையும் விட்டுவிட்டு இந்த ஒரு கட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் வேறொருவர் வம்சத்தில் போய் நிற்பீர்கள்.

கேள்வி: 1931-இல் சாதி எடுத்தார்களே, பெயர் இருக்குமே? (மதுரை)

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: 1951? (திருச்சி)

பதில்: 1948 சென்சஸ் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி யாருக்கும் காட்டமாட்டார்கள்.

கேள்வி: லண்டனில் இருந்த தாத்தா? (சென்னை)

பதில்: அங்கே பெயரோடு பார்க்கலாம், 1921 வரை. இங்கிலாந்தின் 1931 தாள்கள் 1942 தீயில் போயின.

கேள்வி: பிஜி? (சூவா)

பதில்: மதராஸிலிருந்து கப்பல் போனது 1903 முதல். ஆளுக்கொரு எமிக்ரேஷன் பாஸ் (குடிபெயர்வுச் சீட்டு) உண்டு. அதில் நெருங்கிய உறவினர் பெயரும் இருக்கும். முதலில் அந்தக் கட்டத்தைப் படியுங்கள். இங்கும் பெயர் மட்டும் பொருந்தினால் நம்பாதீர்கள்.