புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம்? வாசகர் கேள்வி – பதில்

பிளஸ் ஒன் வகுப்புகள் தொடங்கிவிட்டன என்பது இந்த முறை வந்த கடிதங்களைப் பார்த்தாலே தெரிகிறது. குமரி மாவட்டத்திலிருந்து வந்தவை பெரும்பாலும் இயற்பியலின் முதல் பாடத்தைப் பற்றியவை: அலகுகள், முக்கிய எண்ணுருக்கள் (ஓர் அளவீட்டில் நம்பி எழுதக்கூடிய இலக்கங்கள்), அறிவியல் குறியீடு (எண்ணைப் பத்தின் அடுக்கோடு எழுதுவது). அதனால் இந்த இதழை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: தனி ஊசல் சோதனையில் நீளம் 100.0 செ.மீ. வைத்தேன், 20 அலைவுக்கு 40.2 வினாடி வந்தது. ஈர்ப்பு முடுக்கத்துக்குக் கால்குலேட்டர் 9.7716437 என்று காட்டியதை அப்படியே எழுதினேன். சார் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு 9.8 என்று போட்டார். இத்தனை இலக்கம் துல்லியமாக வந்த பிறகு அதை ஏன் வெட்ட வேண்டும் ஐயா?
– பிளஸ் ஒன் மாணவி, தக்கலை

பதில்: சார் வெட்டியது சரிதான் மக்களே. ஸ்டாப்வாட்ச்சை அழுத்தியது உன் விரல். ஊசல் நடுவைத் தாண்டுவதைக் கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் 0.2 வினாடி போல ஆகிவிடும், அதனால் நீ எழுதிய 40.2 என்பது 40.0 ஆகவும் இருந்திருக்கலாம், 40.4 ஆகவும் இருந்திருக்கலாம். 40.2-இல் 0.2 என்பது ஏறக்குறைய அரை சதவீதம். சூத்திரத்தில் (4π² × நீளம் ÷ அலைவு நேரத்தின் இருமடி) அலைவு நேரம் இருமடியில் வருகிறது இல்லையா, அதனால் விடையில் அந்தப் பிழை இரண்டு மடங்காகி ஒரு சதவீதம் ஆகிறது. 9.77-இல் ஒரு சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 0.1. அதாவது புள்ளிக்குப் பின்னால் வரும் முதல் இலக்கமே சந்தேகத்துக்குரியது. அப்படியிருக்க அதற்கு அப்புறம் வரும் 716437-க்கு உன் சோதனையில் எந்த ஆதாரமும் இல்லை, அது வகுத்தல் கணக்கு தந்த இலக்கம். கால்குலேட்டருக்கு நீ எதை வைத்து அளந்தாய் என்று தெரியாது. உனக்குத் தெரியும், அதனால் எங்கே நிறுத்துவது என்பதை நீதான் சொல்ல வேண்டும். 9.8 ± 0.1 மீ/வி² என்று எழுது.

இன்னொரு இலக்கம் வேண்டுமென்றால் அதைச் சோதனையில்தான் சம்பாதிக்க வேண்டும், அதற்கு வழி சுலபம். 20 அலைவுக்குப் பதில் 100 அலைவு எண்ணு. உன் விரல் செய்யும் 0.2 வினாடிப் பிழை அப்படியேதான் இருக்கும், ஆனால் மொத்த நேரம் 201 வினாடி போல வரும், அதனால் நேரத்தின் பிழை 0.1 சதவீதமாகக் குறைந்துவிடும். இருமடிக்காக அதை 0.2 சதவீதம் ஆக்கி, ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் தவறியிருந்தால் வரும் 0.1 சதவீதத்தையும் சேர்த்தால் 0.3 சதவீதம். இப்போது 9.77 ± 0.03 என்று தைரியமாக எழுதலாம். அலைவின் வீச்சு மட்டும் சிறியதாக இருக்கட்டும்.

ஒரு விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஈர்ப்பு முடுக்கம் எல்லா ஊரிலும் ஒன்று கிடையாது. துருவத்தில் ஏறக்குறைய 9.83, நிலநடுக்கோட்டில் 9.78. நம் மாவட்டம் வடக்கே 8 டிகிரி அட்சத்தில், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு 9.78 தான். சில புத்தகங்களில் இருக்கும் 9.81 நம்மைவிட வெகு வடக்கே உள்ள ஊர்களுக்குப் பொருந்துவது. 9.77 வந்த மாணவர்கள் அதை 9.81 ஆக்குவதற்காக நேரத்தைத் திருத்தி எழுதுவதைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்களுக்கு வந்த 9.77, நீங்கள் நிற்கும் மண்ணுக்கு அதைவிட நெருக்கமான விடை.

கேள்வி: மகளுக்கு ஒரு பவுன் செயின் எடுத்தோம். பில்லில் 8.000 கிராம் என்று இருக்கிறது. வெறும் 8 என்று போட்டால் போதாதா என்றால், பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் ‘அம்மா, 8-ம் 8.000-ம் வேறே’ என்கிறான். அவன் சொல்வது சரியா?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

பதில்: முழுக்கச் சரி. நகைக்கடைத் தராசு மில்லிகிராம் வரை காட்டுவது. 8.000 என்று எழுதினால் 7.999 இல்லை, 8.001 இல்லை என்று பார்த்துச் சொல்கிறார்கள் என்று பொருள். வெறும் 8 கிராம் என்றால் அது ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம். தங்கம் விற்கும் விலையில் அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மூன்று பூஜ்யங்களும் அளந்து பெற்றவை, அதனால் 8.000-இல் முக்கிய எண்ணுருக்கள் நான்கு.

மழைக்காலத்தில் பேப்பரில் அணை நீர்மட்டம் பார்க்கிறோமே, அதிலும் இதே கதைதான். பேச்சிப்பாறை 42.50 அடி என்று போட்டிருந்தால் கடைசிப் பூஜ்யத்தை அழகுக்காகப் போடவில்லை, அடியில் நூறில் ஒரு பங்கு வரை பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் எல்லாப் பூஜ்யமும் இப்படி அளந்து வந்தது இல்லை. 0.0052-இல் முன்னால் நிற்கும் பூஜ்யங்கள் புள்ளி எங்கே இருக்கிறது என்று காட்ட மட்டும் வந்தவை, எண்ணுருக்கள் இரண்டுதான். இடையில் மாட்டிய பூஜ்யம், 5.02-இல் இருப்பது போல, எப்போதும் கணக்கில் சேரும். குழப்பம் எல்லாம் புள்ளியே இல்லாத எண்ணின் கடைசியில்தான். நம் மாவட்டப் பரப்பு சுமார் 1,700 சதுர கி.மீ. என்று சொன்னால் அந்தக் கடைசி இரண்டு பூஜ்யமும் அளந்ததா, தோராயமாக நிரப்பியதா என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. 1.7 × 10³ என்று எழுதிவிட்டால் சந்தேகமே இல்லை, இரண்டு இலக்கம்தான் உறுதி. அறிவியல் குறியீடு பெரிய எண்ணைச் சுருக்கத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள், எனக்கு அதன் பெரிய உபயோகம் இதுதான் என்று படுகிறது.

கேள்வி: 0.000045 என்பதை அறிவியல் குறியீட்டில் எழுதும்போது அடுக்கு +5 ஆ, −5 ஆ என்று ஒவ்வொரு தடவையும் குழம்புகிறேன். புள்ளியை எந்தப் பக்கம் தள்ளினால் கழித்தல்?
– பத்தாம் வகுப்பு மாணவன், குளச்சல்

பதில்: பக்கத்தை மறந்துவிடு தம்பி. எண் ஒன்றைவிடச் சிறியதா என்று மட்டும் கேள். சிறியது என்றால் அடுக்கு கழித்தல், எனவே 4.5 × 10⁻⁵. பத்து, பத்துக்கு மேல் என்றால் கூட்டல். முன்னால் வரும் எண் ஒன்று முதல் பத்துக்குள் இருக்க வேண்டும், அதனால் 45 × 10⁻⁶ மதிப்பில் சமம் என்றாலும் இந்த வடிவத்தில் சேராது. கூட்டும்போது அடுக்கை முதலில் ஒன்றாக்கிக்கொள். 3.2 × 10⁴ உடன் 5 × 10³ கூட்டச் சொன்னால், இரண்டாவதை 0.5 × 10⁴ ஆக்கிய பிறகுதான் 3.7 × 10⁴.

நாளைக்கு சயின்டிஃபிக் கால்குலேட்டர் வாங்கினால் ஒரு எச்சரிக்கை. அதில் ‘எக்ஸ்ப்’ என்ற பொத்தானுக்குள்ளேயே ‘பத்தின் அடுக்கு’ என்பது இருக்கிறது. 10⁹ வேண்டும் என்று 10, எக்ஸ்ப், 9 என அழுத்தினால் 10¹⁰ வந்து நிற்கும். 1, எக்ஸ்ப், 9 என்று அழுத்த வேண்டும். கல்லூரி மாணவர்கள்கூட இதில் பத்து மடங்கு தவற விடுகிறார்கள்.

கேள்வி: வள்ளுவர் சிலையின் பீடம் 38 அடி, சிலை 95 அடி. மீட்டருக்கு மாற்றினால் 11.6-ம் 29.0-ம் சேர்ந்து 40.6 வருகிறது. மொத்தம் 133 அடியை நேராக மாற்றினால் 40.5 வருகிறது. எது சரி?
– பிளஸ் ஒன் மாணவர், கன்னியாகுமரி

பதில்: அருமையான கேள்வி, இதை வகுப்பறையில் ஒரு பாடமாகவே வைக்கலாம். 38 அடி 11.5824 மீட்டர், 95 அடி 28.956 மீட்டர், கூட்டினால் 40.5384. நீ கூட்டுவதற்கு முன்னாலேயே இரண்டையும் முழுமைப்படுத்திவிட்டாய், இரண்டுமே மேல்நோக்கிப் போய்விட்டன, அந்தத் துளிகள் சேர்ந்து 0.1 ஆகிவிட்டது. இடையில் ஒன்றிரண்டு இலக்கம் கூடுதலாக வைத்துக்கொண்டே போ, கடைசியில் ஒரே ஒரு முறை முழுமைப்படுத்து. விடை 40.5.

அதோடு, அந்த 0.1-க்காக ரொம்பக் கவலைப்படவும் வேண்டாம். ஒரு அடி வரைதான் சொல்லியிருக்கிறார்கள் என்றால் அரை அடி, அதாவது 0.15 மீட்டர் இப்படி அப்படி இருக்கலாம். ஆனால் 40.5384 என்று பரீட்சையில் எழுதினால், கடலுக்கு நடுவே நிற்கும் சிலையை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை அளந்ததாகச் சொல்கிறாய்.

இந்தச் சிலையில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்குப் பீடம், பொருளும் இன்பமும் சேர்ந்த 95 அதிகாரத்துக்குச் சிலை என்றுதான் அந்த உயரங்களை வைத்தார்கள். 133 அதிகாரம் என்பது எண்ணியது. அதில் பிழையே கிடையாது, 133.000 என்று எத்தனை பூஜ்யம் வேண்டுமானாலும் போடலாம், 1,330 குறளில் கடைசிப் பூஜ்யமும் அப்படித்தான். 133 அடி என்பது அளந்தது, அதில் மூன்று முக்கிய எண்ணுருக்கள் மட்டும். ஒரு அடி 0.3048 மீட்டர் என்பதோ வரையறை, அதிலும் பிழை இல்லை. கணக்குப் போடும்போது எண்ணியதும் வரையறுத்ததும் விடையின் இலக்கங்களைக் கட்டுப்படுத்தாது, அளந்ததுதான் கட்டுப்படுத்தும்.

கேள்வி: ரப்பர் ஷீட் கட்டு 48.5 கிலோ, தனியாக ஒரு துண்டு 0.375 கிலோ. மொத்தம் 48.875 என்று எழுதக் கூடாதா?
– மார்த்தாண்டம் வாசகர்

பதில்: கூடாது, 48.9 கிலோ. பெரிய தராசு 100 கிராம் வரைதான் பார்த்தது. கூட்டல் கழித்தலில் புள்ளிக்குப் பின்னால் எந்த எண்ணில் இலக்கம் குறைவோ அதோடு நிறுத்த வேண்டும். பெருக்கல் வகுத்தலுக்கு விதி வேறு, அங்கே எந்த எண்ணில் முக்கிய எண்ணுருக்கள் குறைவோ அத்தனைதான் விடையிலும்.

கேள்வி: எண் சரியாக வந்தாலும் அலகு எழுதாததால் மதிப்பெண் குறைக்கிறார்கள். அலகு அவ்வளவு முக்கியமா?
– பாலிடெக்னிக் மாணவர், ஆரல்வாய்மொழி

பதில்: முப்பந்தல் காற்றாலைகளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள்! அங்கே மெகாவாட்டுக்குப் பெரிய ‘எம்’ போடுவார்கள், அதையே சின்ன ‘எம்’ ஆக்கினால் மில்லிவாட். ஒரு எழுத்தின் அளவில் 10⁹ மடங்கு வித்தியாசம், காற்றாலை போய்க் கைக்கடிகாரம் வந்துவிடும். மெகாவாட் திறன், கரண்ட் பில்லில் வரும் யூனிட் ஆற்றல், இரண்டையும் கலக்கவும் கூடாது. ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, 3.6 × 10⁶ ஜூல்.

பரப்புக்கு மாற்றும்போதுதான் நம் பிள்ளைகள் அதிகம் தவறுகிறார்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அதை 0.3048 ஆல் ஒரே ஒரு முறை பெருக்கிவிட்டு சதுர மீட்டர் என்று எழுதினால் 133 வரும், அது தவறு. சதுர அடி என்பதால் இரண்டு முறை பெருக்க வேண்டும், சரியான விடை 40.47 சதுர மீட்டர். பத்திரம் எழுதும் இடத்தில் இப்படிச் செய்தால் ஒரு சென்ட் மூன்று சென்ட்டுக்கு மேல் ஆகிவிடும். அலகையும் எண்ணோடு சேர்த்துப் பெருக்கி, வகுத்து, ஒவ்வொரு வரியிலும் எழுதிக்கொண்டே வந்தால் இந்தத் தவறு தானாகவே கண்ணில் படும்.

1999 செப்டம்பரில் நாசாவின் செவ்வாய்க் காலநிலை ஆய்வுக்கலம் தொலைந்துபோனதும் அலகால்தான். ஒரு மென்பொருள் உந்து விசையின் கணக்கைப் பவுண்டு விசை-வினாடியில் தந்தது, அதை வாங்கியவர்கள் நியூட்டன்-வினாடி என்று எடுத்துக்கொண்டார்கள். 4.45 மடங்கு வித்தியாசம். பல மாதம் பயணம் செய்து போன கலம் செவ்வாய்க்கு மிகத் தாழ்வாக நெருங்கி அழிந்தது. இரண்டு பக்கமும் எண்ணில் பிழை இல்லை.

கேள்வி: புத்தகக் கணக்கு எல்லாம் போட்டுவிட்டோம். நம் ஊர் விஷயங்களை வைத்துப் பயிற்சிக்குக் கொஞ்சம் கணக்கு தர முடியுமா?
– மாணவர்கள், திங்கள்சந்தை

பதில்: தருகிறேன், விடையைப் பார்ப்பதற்கு முன் போட்டுப் பாருங்கள்.

மாவட்டம் முழுக்க 20 மி.மீ. மழை பெய்தால் எத்தனை லிட்டர்? இந்த 20-இல் பூஜ்யமும் அளந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 1.7 × 10⁹ சதுர மீட்டர், உயரம் 2.0 × 10⁻² மீட்டர், பெருக்கினால் 3.4 × 10⁷ கன மீட்டர், ஒரு கன மீட்டர் ஆயிரம் லிட்டர் என்பதால் 3.4 × 10¹⁰ லிட்டர்.

மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் இருக்கிறது, அதன் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) 1.4 × 10¹⁰ ஆண்டு. வினாடியில் எவ்வளவு? ஒரு ஆண்டுக்கு 3.16 × 10⁷ வினாடி. விடை 4.4 × 10¹⁷ வினாடி, மூன்றாவது இலக்கம் எழுத உரிமை இல்லை.

விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம் 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பரப்பு? அந்த 10-இல் பூஜ்யம் அளந்தது என்று எடுத்தால் 7.7 × 10² சதுர மீட்டர். தோராயமாகச் சொன்னது என்று எடுத்தால் 8 × 10². எதை எடுத்தீர்கள் என்று விடைக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

கடைசியாக, கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று. ஒரு நாட்டின் கடல் எல்லை கரையிலிருந்து 12 கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். எல்லை எத்தனை மீட்டர், எத்தனை இலக்கம் எழுதலாம்? 12-இல் இரண்டு எண்ணுருக்கள்தானே என்று 2.2 × 10⁴ போடாதீர்கள். 12 சட்டத்தில் வரையறுத்தது, 1,852-ம் வரையறை, இதில் யாரும் எதையும் அளக்கவில்லை. அதனால் 2.2224 × 10⁴ மீட்டர், ஐந்து இலக்கமும் எழுதலாம்.