கேள்வி – பதில்: நான்கு தடங்களில் ஒரு பாடல்

கேள்வி: நானே பாட்டெழுதி, மெட்டமைத்துப் பாடுகிறேன். வாடகை வீட்டில் ஓர் அறை, ஒரு கித்தார், ஒரு கைப்பேசி; இவ்வளவுதான் என் வசதி. லோ-ஃபை (எளிய கருவிகளில், பிசிறுகளோடு பதிவாகும்) இசையில் ஒலித்தரம் குறைந்தாலும் பரவாயில்லை என்கிறார்களே, இப்படியே பதிவு செய்து வெளியிடலாமா? (திண்டுக்கல் வாசகி)

பதில்: தாராளமாக வெளியிடலாம். ஆனால், ‘தரம் குறைந்தாலும் பரவாயில்லை’ என்பதை லோ-ஃபையின் இலக்கணமாகக் கொள்ள வேண்டாம். எளிய கருவியில் என்ன முடியுமோ, அதை முழுக் கவனத்தோடு செய்தவர்களால்தான் அந்த இசைக்கு மதிப்பு வந்தது. 1979இல் டாஸ்காம் நிறுவனம் ‘போர்ட்டாஸ்டுடியோ 144’ என்ற கருவியைக் கொண்டுவந்தது. சாதாரணக் கேசட்டின் இரு பக்கங்களுக்கும் உரிய நான்கு தடங்களையும் (குரல், கித்தார் என ஒவ்வொன்றையும் தனித்தனியே பதியும் ஒலிப்பாதைகளை) ஒரே திசையில், இருமடங்கு வேகத்தில் ஓட்டிப் பதிவு செய்த அந்தப் பெட்டி, ஸ்டுடியோ வாடகைக்கு வழியில்லாத பாடலாசிரியர்களுக்குப் பல தடப் பதிவை வீட்டுக்கே கொண்டுவந்து சேர்த்தது. 1982 ஜனவரியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சியில் தாம் குடியிருந்த வீட்டின் படுக்கையறையில் அதே கருவியை வைத்துச் சில பாடல்களைப் பதிவு செய்தார். தம் குழுவினருக்குக் காட்டுவதற்கான மாதிரியாகத்தான் அவற்றை நினைத்திருந்தார். பிறகு குழுவோடு ஸ்டுடியோவில் பாடிப் பார்த்தபோது வீட்டுப் பதிவின் நெருக்கம் கிடைக்காமல் போகவே, அந்தக் கேசட்டில் இருந்த பாடல்களே அவ்வாண்டு செப்டம்பரில் ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பமாக வெளிவந்தன.

ஆகவே, நீங்களும் நான்கு தடம் என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை தடம் வேண்டுமானாலும் தரும் செயலியில், சரியாக அமையாத சரணத்தின் மேல் இன்னொரு வாத்தியத்தைப் போர்த்தி மறைக்கத் தோன்றும். நான்கே தடம் என்றால் சரணத்தைத் திருத்தி எழுதியே ஆக வேண்டும்.

கருவியைவிட அறைதான் அதிகம் படுத்தும். வெறும் சுவரைப் பார்த்துப் பாடினால் எதிரொலி குரலோடு கலந்துவிடும், பிறகு அதைப் பிரிக்க இயலாது. துணிகள் தொங்கும் அலமாரியைத் திறந்துவைத்து அதை நோக்கிப் பாடுங்கள், முதுகுக்குப் பின்னால் ஒரு கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை ஏரோபிளேன் மோடில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றே பக்கவாட்டில் வையுங்கள். நேரெதிரே இருந்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று மோதிப் படபடக்கும். என் முதல் பதிவுகளில் மேல் ஷட்ஜத்தில் நின்று பாடும் இடங்களில் மட்டும் ஒரு மெல்லிய கிணுகிணுப்பு கேட்டது. மைக்கைத்தான் பல நாள் சந்தேகித்தேன். ஒரு நாள் அதே சுரத்தைப் பாடிக்கொண்டே அறை முழுவதும் நடந்து பார்த்ததில், இரும்பு பீரோவின் கைப்பிடி அந்தச் சுரத்துக்கு மட்டும் அதிர்வது தெரிந்தது. மடித்த கைக்குட்டையை இடுக்கில் செருகியதும் சத்தம் நின்றது. பதிவைத் தொடங்கும் முன் உங்கள் அறையிலும் இப்படி ஒரு முறை பாடிச் சுற்றி வாருங்கள்.

ஒலியளவிலும் கவனம் வேண்டும். டேப்பில் அளவு மீறினால் ஒலி மெல்ல மழுங்கும், அது காதுக்கு இதமாகக்கூட இருக்கும். டிஜிட்டலில் அளவு மீறினால் அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும், அதைச் சரிசெய்வது மிகவும் கடினம். உரக்கப் பாடும் இடத்தில் செயலியின் ஒலியளவுக் காட்டி (அதில் பூஜ்யம்தான் உச்ச வரம்பு) மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும்.

கேள்வி: கித்தாருடன் பாடிய பாடலில் இசைத்தட்டின் கரகரப்பைச் சேர்த்தால்தான் லோ-ஃபையாக இருக்கும் என்கிறான் நண்பன். சேர்க்கலாமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. ஹிப்-ஹாப் வழியில் வந்த லோ-ஃபையில், பழைய இசைத்தட்டுகளிலிருந்து துணுக்குகளை எடுத்துக் கோத்ததால் அவற்றின் கரகரப்பும் கூடவே வந்தது. உங்கள் பாடல் எந்த இசைத்தட்டிலிருந்தும் வரவில்லை. அதன் உண்மையான ஒலி உங்கள் அறையின் ஒலிதான். கூர்மை உறுத்தினால், செயலியின் ஈக்வலைசரில் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள உச்ச ஒலிப் பகுதியைச் சற்றே தணித்துப் பாருங்கள்.

கேள்வி: பதிப்புரிமைக்குப் பதிவு செய்யாமல் பாடலை வெளியிட்டால் என் உரிமை போய்விடுமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: போகாது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. படைப்பு உருவானதுமே உரிமையும் பிறந்துவிடுகிறது. வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றும் தனித்தனி உரிமைகள் என்பதால், நண்பரின் மெட்டுக்கு நீங்கள் வரி எழுதியிருந்தால் யாருக்கு எது என்பதை வெளியிடும் முன்பே எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த தாளத் துணுக்கைச் சேர்த்திருந்தால் அதன் உரிம நிபந்தனைகளை வரி விடாமல் படியுங்கள். பல்லவி பாதியில் நின்றுபோன முதல் பதிவாக இருந்தாலும், நாளும் நேரமும் உள்ள அந்தக் கோப்பை அழிக்காமல் இன்னொரு இடத்திலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு வழக்கு ஏதும் எழுந்தால் உங்களுக்கு உதவும் சான்றுகளில் அதுவும் ஒன்று.